கையில் கன்ட்ரோலர், கண் ரயிலில்

சென்ற இதழில் மாதிரி ரயில்களைப் பற்றி எழுதியபோது, கன்ட்ரோலரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியோடு கூடவே நடக்கலாம் என்று போகிறபோக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை கடிதங்கள் அதிகம். அதனால் இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். எழுதியிருப்பவர்கள் எல்லோரும் சாதாரண டிசி முறையில் ஓட்டுகிறவர்கள். தண்டவாளத்துக்கு 12 வோல்ட் வரை கொடுப்போம். வோல்ட் கூடினால் வேகம் கூடும், பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறினால் திசை மாறும். அவ்வளவுதான் அடிப்படை. பதில்கள் அதற்குள்ளேதான்.

அண்ணாச்சிக்கு வணக்கம். மாடி அறையில் மூன்று சுவரை ஒட்டி எச்ஓ அளவில் தண்டவாளம் போட்டிருக்கிறேன். கன்ட்ரோலர் ஒரு மூலையில் இருக்கிறது. வண்டி எதிர்ச் சுவருக்குப் போய்விட்டால் தடம் மாறும் பாயிண்ட்டில் ஒழுங்காக ஏறுகிறதா என்றுகூடத் தெரியவில்லை. கைக் கன்ட்ரோலர் வாங்கலாம் என்று பார்த்தால் ஒயர் உள்ளது, ரேடியோ, செல்போனில் ஓட்டுவது என்று பல வகை இருக்கிறது. எதை வாங்க?
– வாசகர், அம்பாசமுத்திரம்

ஒயரா ரேடியோவா என்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்வோம். முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கன்ட்ரோலர் வண்டியை எவ்வளவு மெதுவாகக் கிளப்புகிறது என்பதை. எத்தனை ஆம்பியர், எத்தனை பட்டன், திரை இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

ஒரு கணக்கு சொல்கிறேன். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு பக்கம் மலை ஏறும் வண்டி மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்ஓ என்பது 87-ல் ஒரு பங்கு. அந்த அளவில் 30 கிலோமீட்டர் என்பது வினாடிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர்தான். பத்தடிச் சுவரைக் கடக்க அரை நிமிடம் ஆகும். ஆனால் பெரும்பாலான எச்ஓ என்ஜின்கள் 12 வோல்ட்டில் அதைப்போல ஐந்து மடங்கு வேகத்தில் பறக்கும். நமக்கு வேண்டிய வேகமெல்லாம் நாப்பின் (திருப்பும் குமிழின்) முதல் பாதிக்குள்ளேயே நெருக்கிக்கொண்டு இருக்கிறது. அந்தப் பாதியில் கை நடுங்கினாலும் வண்டி நடுங்காத கன்ட்ரோலர்தான் நல்ல கன்ட்ரோலர்.

வாங்கும் முன் ஒருமுறை பிடித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் இப்படிச் சோதியுங்கள். பெட்டி எதுவும் கோக்காமல் என்ஜினை மட்டும் தண்டவாளத்தில் வையுங்கள். குனிந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்லீப்பர் கட்டையைக் குறி வைத்துக்கொள்ளுங்கள். நாப்பை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். என்ஜின் அசைந்ததும் கையை அப்படியே நிறுத்துங்கள். அந்த நிலையில் அது ஒவ்வொரு ஸ்லீப்பராக ஊர்ந்து போனால் வாங்கலாம். ஒரே தாவில் ஐந்தாறு ஸ்லீப்பரைத் தாண்டிவிட்டு அப்புறம் நிதானத்துக்கு வந்தால் வேண்டாம். ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டியை நிறுத்தியும் பாருங்கள். நாப்பைக் குறைக்கக் குறைக்க வேகம் தேய்ந்து நிற்க வேண்டும், சட்டென்று நின்றுவிடக் கூடாது. சோதனைக்கு உங்கள் சொந்த என்ஜினையே கொண்டு போங்கள். சக்கரத்தையும் தண்டவாளத்தையும் துடைத்துவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அழுக்கின் பழி கன்ட்ரோலர் மேல் விழும்.

தாவுவதற்குக் காரணம் இருக்கிறது. பழைய பவர் பேக்குகளில் ஒரு ரெசிஸ்டன்ஸ் கம்பிச் சுருள்தான் வேகத்தைக் குறைக்கும். நம் வீடுகளில் முன்பு இருந்த பெரிய பெட்டி ஃபேன் ரெகுலேட்டருக்குள்ளும் அதே சங்கதிதான். மோட்டார் நிற்கும்போது அதிகக் கரண்ட் இழுக்கும், அதனால் சுருளிலேயே பெரும்பகுதி வோல்ட் விழுந்துவிடும். மோட்டார் சுழல ஆரம்பித்ததும் கரண்ட் குறையும், சுருளில் விழும் வோல்ட்டும் குறையும், மிச்சமெல்லாம் மோட்டாருக்குப் போய்ச் சேரும். வண்டி பாய்கிறது. டிரான்சிஸ்டர் வைத்த கன்ட்ரோலரில் நாப் சொல்கிற வோல்ட்தான் தண்டவாளத்தில் நிற்கும், மோட்டார் எவ்வளவு இழுத்தாலும் சரி. ஆகவே ரெசிஸ்டன்ஸ் வகை யார் சும்மா கொடுத்தாலும் விளக்கு எரிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நாப். இரண்டு முனையிலும் முட்டி நிற்கும் நாப்பாக இருக்கட்டும். முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் வகையில் பூஜ்யம் எங்கே என்று விரலுக்குத் தெரியாது; குனிந்து பார்க்க வேண்டும். கூட்டு, குறை என்று இரண்டு பட்டன் மட்டும் உள்ளதும் அப்படித்தான். நாப்பின் விளிம்பில் ஒரு மேடோ பள்ளமோ இருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் ஒரு சொட்டுப் பசையை வைத்து நாமே மேடு செய்துகொள்ளலாம். ஒரே கையில் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் திருப்ப வர வேண்டும். மற்றொரு கை பாயிண்ட் மாற்றவும், பெட்டி கழற்றவும் வேண்டியிருக்கிறது. திசை மாற்றும் சுவிட்ச், நடுவில் நிறுத்தும் நிலையோடு இருக்கட்டும். அவசரத்துக்கு அதுதான் பிரேக்.

இப்போது ஒயர் விஷயம். உங்கள் அளவு அறைக்கு என் யோசனை ஒயர் உள்ளதுதான். பலகையின் முன்முகப்பில் ஆறேழு அடிக்கு ஒன்றாகச் சாக்கெட் வைத்து, எல்லாவற்றையும் ஒரே கேபிளில் பேரலலாக இணைத்துவிட்டால் இரண்டு மீட்டர் ஒயரோடு அறை முழுக்க நடக்கலாம். பேட்டரி தீராது, விலை குறைவு, கெட்டால் நம்மால் பிரித்துப் பார்க்க முடியும். ரேடியோவில் குறை ஒன்றும் இல்லை. நாலைந்து பேர் ஒரே அறையில் ஓட்டினால் ஒயர் காலில் சிக்கும், அப்போது ரேடியோதான் வசதி. வாங்கும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: சிக்னல் அறுந்தால் வண்டி நிற்குமா, கடைசி வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்குமா? நிற்பதுதான் வேண்டும். இன்ஃப்ராரெட் வகைக்கு நேர்ப்பார்வை வேண்டும். நடுவில் ஒருவர் நின்றால் போச்சு.

செல்போன் வேண்டாம். கண்ணாடியில் விரலை வைத்தால் அது எங்கே இருக்கிறது என்று கண்தான் சொல்ல வேண்டும். கையில் பிடித்து நடப்பதன் நோக்கமே கண்ணை வண்டியை விட்டு எடுக்காமல் இருப்பதுதான். போனில் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் இங்கிலாந்தின் கேஜ்மாஸ்டர் போன்றவர்கள் டிசிக்கென்றே கைக் கன்ட்ரோலர்கள் செய்கிறார்கள். அவற்றுக்கு 16 வோல்ட் ஏசி தரும் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். கன்ட்ரோலர் வந்து சேர்ந்த பிறகு அதைத் தேடி அலைவது வீண் அலைச்சல்.

என் கைக் கன்ட்ரோலர் ஒரு வருடம் நன்றாக வேலை செய்தது. இப்போது ஒயரைக் கொஞ்சம் அசைத்தால் வண்டி திடீரென்று முழு வேகத்தில் பாய்கிறது. நாப்பைக் குறைத்தாலும் கேட்பதில்லை. ஒருமுறை கீழேயே விழுந்துவிட்டது. டிரான்சிஸ்டர் போய்விட்டதா?
– வாசகர், பேட்டை

டிரான்சிஸ்டர் நல்லபடி இருக்கிறது. ஒயரை அசைத்தால் வருகிற கோளாறு ஒயரில்தான் இருக்கும்.

கைப்பெட்டியைத் திறந்தால் நாப்புக்கு அடியில் ஒரு வால்யூம் கன்ட்ரோல் இருக்கும், பெரும்பாலும் 10 கிலோ ஓம். அதற்கு மூன்று கால். ஓரக் கால் ஒன்றில் பிளஸ், மற்ற ஓரத்தில் மைனஸ், நடுக்காலிலிருந்து டிரான்சிஸ்டருக்குச் சிக்னல். இதில் நடு ஒயர் அறுந்தால் வண்டி நிற்கும். பிளஸ் அறுந்தாலும் நிற்கும். மைனஸ் அறுந்தால்தான் வில்லங்கம். கீழே இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாமல், நாப் எங்கே இருந்தாலும் நடுக்காலில் முழு வோல்ட் ஏறிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, பிளஸ் மைனஸ் இரண்டு பின்னிலும் பிடியுங்கள். 10 கிலோ ஓம் பக்கத்தில் காட்டும். அப்படியே ஒயரை ஒருவர் அங்கங்கே வளைத்துக்கொண்டு வரட்டும். எந்த இடத்தில் எண் காணாமல் போகிறதோ அங்கே அறுந்திருக்கிறது. பெரும்பாலும் ஒயர் பெட்டிக்குள் நுழைகிற வாயில்தான் அறுந்திருக்கும், ஏனென்றால் நடக்கிறபோது இழுபடுவது அங்கேதான். அரை அடி வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சோல்டர் வையுங்கள். பெட்டிக்கு உள்ளே ஒயரில் ஒரு முடிச்சுப் போடுங்கள். இழுப்பை முடிச்சுத் தாங்கும், சோல்டர் தாங்க வேண்டியதில்லை.

கேபிளையே மாற்றுவதானால் ஆறு இழை உள்ளதாக வாங்கி மைனஸுக்கு இரண்டு இழை கொடுங்கள். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் நெட்வொர்க் கேபிள் பயன்படுத்தலாம், ஆனால் சுவருக்குள் இழுக்கிற வகை வேண்டாம். அதில் இழை ஒவ்வொன்றும் ஒற்றைக் கம்பி, வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிந்துவிடும். கம்ப்யூட்டரையும் மோடத்தையும் இணைக்கிற வளையும் கார்டு வாங்குங்கள். அதற்குள் மெல்லிய நூல்கம்பிகள் பலவாக இருக்கும்.

ஒயரைத் தொடாமல் நாப்பைத் திருப்பும்போது மட்டும் வண்டி துள்ளினால் அது வால்யூம் கன்ட்ரோல் தேய்ந்ததன் அடையாளம். அதைச் சுத்தம் செய்து காலத்தை ஓட்டாதீர்கள். புதிது போடுங்கள். கடையில் பி என்று எழுத்துப் போட்டதைக் கேட்டு வாங்குங்கள். ஏ என்று போட்டது பாட்டுப் பெட்டிக்கு உரியது, அதில் திருப்புகிற அளவுக்குச் சமமாக வேகம் ஏறாது.

ஒரு சாக்கெட்டில் பிளக்கை உருவி அடுத்த சாக்கெட்டில் செருகுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. ஓடிக்கொண்டே இருக்கும்படி செய்ய முடியாதா? கைச்செலவில் நானே ஒன்று செய்துகொள்ள முடியுமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

இரண்டுக்கும் ஒரே பதில்தான், நீங்களே செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவன் நான். கையால் செய்தது பழுதானால் கையாலேயே சரிசெய்யலாம் என்பது அங்கே பழகியது.

டிஐபி 142 (TIP142) என்ற டார்லிங்டன் டிரான்சிஸ்டர் ஒன்று; கலெக்டர், எமிட்டர், பேஸ் என்று அதற்கு மூன்று கால். அதை அலுமினிய ஹீட் சிங்க்கில் திருகிப் பலகைக்கு அடியில் வையுங்கள். இது கைப்பெட்டிக்குள் வரக்கூடாது. 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரின் பிளஸ் கலெக்டருக்கு. எமிட்டரிலிருந்து தண்டவாளத்துக்கு. கைப்பெட்டிக்குள் 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் மட்டும். அதன் நடுக்காலிலிருந்து வரும் ஒயர், பலகைக்கு அடியில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பேஸுக்குப் போகட்டும். பேஸுக்கும் மைனஸுக்கும் இடையே 1000 மைக்ரோஃபாரட் கண்டென்சர்.

அந்தக் கண்டென்சர்தான் நீங்கள் கேட்ட ஞாபகசக்தி. பிளக்கை உருவியதும் அதில் தேங்கியிருக்கும் வோல்ட் டிரான்சிஸ்டரைப் பிடித்து வைத்திருக்கும். வண்டி 0.3 ஆம்பியர் இழுத்தால் பேஸுக்கு வேண்டியது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். கண்டென்சர் வினாடிக்கு 0.3 வோல்ட் வீதம் இறங்கும். ஐந்து வினாடியில் ஒன்றரை வோல்ட். வண்டி கொஞ்சம் தளர்ந்திருக்கும், நின்றிருக்காது. அதற்குள் நீங்கள் அடுத்த சாக்கெட்டுக்குப் போய்விடலாம். யாராவது பிளக்கை உருவிவிட்டு மறந்துபோனாலும் வண்டி தானாக மெல்ல நின்றுவிடும். அதே கண்டென்சரால் கிளம்பும்போதும் வேகம் மெதுவாகவே ஏறும். இது கூடுதல் லாபம்.

கேபிளில் ஓடுவது மில்லி ஆம்பியர்தான் என்பதால் ஒயர் எவ்வளவு நீளமாக, மெல்லிதாக இருந்தாலும் பாதகமில்லை. வண்டியின் கரண்ட் முழுவதும் கைப்பெட்டிக்குப் போய்த் திரும்பும் மாடல்களில் அப்படி இல்லை. உதாரணமாக, நெட்வொர்க் கேபிளின் மெல்லிய இழையில் ஐந்து மீட்டர் போய் வருவதற்குள், அரை ஆம்பியருக்கே ஏறக்குறைய அரை வோல்ட் ஒயரில் தொலைந்துவிடும்.

டார்லிங்டனில் ஒன்றரை வோல்ட் வரை விழும், ஆகையால் தண்டவாளத்துக்குப் பத்தரை வோல்ட்தான் கிடைக்கும். அது நல்லதுதான். மேலே சொன்ன கணக்குப்படி நாப்பின் பயன்படும் பகுதி இன்னும் அகலமாகும். மலைப்பாதை மட்டுமே ஓட்டுகிறவர் 9 வோல்ட் அடாப்டரே போடலாம்.

எமிட்டருக்கும் திசை சுவிட்ச்சுக்கும் நடுவே ஒரு 12 வோல்ட், 21 வாட் பல்பு. பைக் இண்டிகேட்டருக்குப் போடுகிறது, டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை எல்லாவற்றிலும் கிடைக்கும். சாதாரணமாக அது எரியாது. தண்டவாளத்தில் ஸ்க்ரூ டிரைவர் விழுந்து ஷார்ட் ஆனால் பளிச்சென்று எரிந்து, கரண்ட்டை ஒன்றேமுக்கால் ஆம்பியருக்கு மேல் போகவிடாமல் தடுக்கும். டிரான்சிஸ்டர் பிழைக்கும். கோளாறு இருக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, சாக்கெட்டுக்குப் பாட்டுப் பெட்டியின் ஹெட்ஃபோன் ஜாக்கைப் போடாதீர்கள். அதைச் செருகும்போது ஒரு கணம் பின்கள் ஒன்றோடொன்று உரசும்; பிளஸ்ஸும் மைனஸும் ஷார்ட் ஆகும். ஐந்து பின் டின் (DIN) பிளக், அல்லது டெலிபோன் மாதிரி கிளிப் வைத்த பிளக் நல்லது. இரண்டு, திசை சுவிட்ச்சை எங்கே வைப்பது என்பது. பலர் அதைக் கைப்பெட்டியில் வைத்து, பலகைக்கு அடியில் ஒரு ரிலேயை அதனால் இயக்குவார்கள். வண்டி பின்னோக்கி ஓடும்போது பிளக்கை உருவினால் ரிலே விழுந்துவிடும், ஓடுகிற வண்டி அந்த நொடியே எதிர்த்திசைக்குத் திரும்பும். பல்சக்கரம் நொறுங்க அது ஒன்று போதும். திசை சுவிட்ச்சைப் பலகையின் முகப்பிலேயே நிலையாக வைத்துவிடுங்கள். ஸ்டேஷனில் நிற்கும்போதுதானே திசை மாற்றப் போகிறோம், அந்த இடத்தில் சுவிட்ச் இருந்தால் போதும்.

கல்லூரியில் படிக்கிறேன். நானும் நண்பனும் ஆளுக்கொரு கைக் கன்ட்ரோலர் செய்து, ஒரே 12 வோல்ட் 5 ஆம்பியர் சப்ளையிலிருந்து இரண்டுக்கும் கொடுத்திருக்கிறோம். ஒரு தண்டவாளத்தைப் பொதுவாக வைத்து, மற்றதை மட்டும் துண்டு துண்டாக வெட்டியிருக்கிறோம். இருவரும் ஒரே திசையில் ஓட்டினால் சரியாக இருக்கிறது. ஒருவர் திசை மாற்றினால் சப்ளை கட் ஆகிறது. ஏன்?
– வாசகர், பாளையங்கோட்டை

தம்பி, கவனித்து எழுதியிருக்கிறீர்கள். "ஒரே திசையில் சரி, எதிர்த்திசையில் கட்" என்ற அந்த வரியிலேயே விடை இருக்கிறது.

உங்கள் வண்டி முன்னே போகும்போது பொதுத் தண்டவாளம் மைனஸ் என்று வைத்துக்கொள்வோம். நண்பர் திசை மாற்றினால் அவருடைய கன்ட்ரோலர் அதே பொதுத் தண்டவாளத்துக்குப் பிளஸ் கொடுக்கிறது. இரண்டும் ஒரே சப்ளையிலிருந்து வருவதால் அந்தச் சப்ளையின் பிளஸ்ஸும் மைனஸும் தண்டவாளத்தில் போய்ச் சந்தித்துவிடுகின்றன. சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது.

ஆளுக்கொரு தனி அடாப்டர் போடுங்கள். ஒன்றுக்கொன்று மின்தொடர்பே இல்லாத இரண்டு சப்ளை இருந்தால், பொதுத் தண்டவாளம் யாருக்குப் பிளஸ், யாருக்கு மைனஸ் என்பதைப் பற்றிக் கவலையே இல்லை. கன்ட்ரோலர் எத்தனையோ அத்தனை சப்ளை. இதில் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) இரண்டு போட்டால் தனித்தனி ஆகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆகாது. அவற்றின் மைனஸ், பெட்டியின் தகட்டோடும், தகடு மூன்றாவது பின்னான எர்த்தோடும் சேர்ந்திருக்கும். சுவர் பிளக் வழியாக இரண்டும் சேர்ந்துவிடும். வாங்குகிற சப்ளை எதுவானாலும், பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, அதன் எர்த் பின்னுக்கும் வெளியே வரும் மைனஸுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். பீப் சத்தம் வந்தால் அது வேண்டாம். இரண்டு பின் அடாப்டர்களில் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம், ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் நிறுத்தும் நிலையுள்ள சுவிட்ச் போட்டு, மேலே தள்ளினால் உங்கள் கன்ட்ரோலர், கீழே தள்ளினால் நண்பருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவிட்ச்சுகளையும் ஒரே மேஜையில் குவிக்காமல், அந்தந்தத் துண்டுக்கு நேரே பலகை முகப்பில் பதியுங்கள். கன்ட்ரோலரோடு நடக்கிறவர், அடுத்த துண்டை வாங்க மூலைக்கு ஓட வேண்டியிருந்தால் நடந்து என்ன பயன்?

அமெரிக்காவிலிருந்து சித்தப்பா ரயில் செட் கொண்டு வந்தார், பவர் பேக்கோடு. பிளக்குக்கு மாற்றுப் பின் வாங்கினால் போதுமா?
– வாசகி, தென்காசி

போதாது. செருகவே செருகாதீர்கள். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் வீட்டில் 230 வோல்ட். மாற்றுப் பின் உருவத்தைத்தான் மாற்றும். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். 110 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டர் வைத்து ஓட்டலாம். ஆனால் அது 60 ஹெர்ட்ஸுக்கானது, நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். பேக்கை எடுத்து வைத்துவிட்டு இங்கே 12 வோல்ட் அடாப்டர் வாங்கி, மேலே கல்லிடைக்குறிச்சிக்காரருக்குச் சொன்னபடி கைக் கன்ட்ரோலர் செய்துகொள்ளுங்கள். என்ஜினுக்கும் பெட்டிக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. தண்டவாளத்துக்கு வருகிற 12 வோல்ட் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். உங்கள் ஊர்ச் சாரல் காலத்தில் மட்டும் செட்டை மூடி வையுங்கள். ஈரம் ஏறினால் தண்டவாளத்தில் படலம் கட்டும், மெதுவாக ஓட்டும்போது வண்டி விக்கி விக்கி நிற்கும்.

எச்ஓவைவிடச் சிறிய ‘என்’ (N) அளவில் ஓட்டுகிறேன். பிடபிள்யூஎம் கன்ட்ரோலர்தான் மெதுவாக ஓட்ட நல்லது என்றார்கள், வாங்கினேன். பழைய என்ஜின் அருமையாக ஊர்கிறது. புதிதாக வாங்கிய சின்ன என்ஜின் கொஞ்ச நேரத்திலேயே சூடாகிறது.
– வாசகர், நாசரேத்

புதிய என்ஜினில் கோர்லெஸ் மோட்டார் இருக்கும். சுருளுக்குள் இரும்பு இல்லாத மோட்டார் அது. பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் முழு 12 வோல்ட்டையும் விட்டு விட்டுக் கொடுக்கிறது. ஒவ்வொரு தட்டும் மோட்டாரின் உராய்வை உடைத்துக் கிளப்புவதால்தான் பழைய என்ஜின் அழகாக ஊர்கிறது. இரும்பு உள்ள மோட்டாரில் கரண்ட் உடனே ஏறி இறங்காது, தட்டுகள் சமன்படும். கோர்லெஸ்ஸில் தட்டுக்குத் தட்டு கரண்ட் எகிறும். அந்த எகிறல்தான் சூடு. மெல்லிய சுருள், சூட்டைக் கடத்த இரும்பும் இல்லை, கடைசியில் எரிந்துபோகும்.

என்ஜினை வைத்துக் காதைக் கொடுங்கள். நாப்பைக் கொஞ்சம் திருப்பி, வண்டி நகரும் முன்பே உள்ளிருந்து ரீங்காரம் கேட்டால் தட்டின் வேகம் குறைவு என்று அர்த்தம். அந்தக் கன்ட்ரோலரில் கோர்லெஸ் என்ஜினை வைக்காதீர்கள். காதுக்கே எட்டாத, வினாடிக்கு 20 ஆயிரம் தட்டு வகை என்றால் சூடு குறையும். ஆனால் கிளப்பிவிடும் அந்த உதையும் சேர்ந்து குறைந்துவிடும். இரண்டு வகை என்ஜினும் வைத்திருக்கிற உங்களுக்குச் சுத்தமான டிசி தரும் டிரான்சிஸ்டர் கன்ட்ரோலரே பொருத்தம். மோட்டாரின் வேகத்தை உணர்ந்து தானே திருத்திக்கொள்ளும் ஃபீட்பேக் வகையையும் கோர்லெஸ்ஸுக்கு வைக்க வேண்டாம்.

ஏழு வயது மகன் ரயிலோடு நடந்துகொண்டே ஓட்ட வேண்டும் என்கிறான். ஷாக் அடிக்காதே?
– வாசகி, திருச்செந்தூர்

தண்டவாளத்தில் இருக்கும் 12 வோல்ட்டாலும் கைப்பெட்டியில் இருக்கும் 12 வோல்ட்டாலும் ஷாக் அடிக்காது அம்மா. பயப்பட வேண்டியது சுவரில் செருகும் அடாப்டரை மட்டும்தான். பிஐஎஸ் முத்திரை உள்ளதாக வாங்குங்கள், அவன் கைக்கு எட்டாத உயரத்தில் செருகி வையுங்கள், அடாப்டரை உடைத்துத் திறக்க விடாதீர்கள். ஒயர் இரண்டு மீட்டருக்கு மேல் வேண்டாம். தரையில் கிடந்தால் தடுக்கி விழுவான். கைப்பெட்டியை அவன் உள்ளங்கைக்கு ஏற்ற சோப்பு டப்பாவிலேயே செய்யலாம். நாப் பெரிதாக இருக்கட்டும்.

அகலப்பாதை ஆவதற்கு முந்திய செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் பாதையை மாதிரியாகச் செய்கிறேன். ஏற்றத்தில் பின்னால் இன்னொரு என்ஜின் தள்ளிக்கொண்டு வருமே, அதை டிசியில் செய்ய இரண்டு கைக் கன்ட்ரோலர் வேண்டுமா? ஒரு கையில் ஒன்றாகப் பிடிக்க வேண்டியதுதானா?
– வாசகர், செங்கோட்டை

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. 1904-ல் திறந்த அந்தப் பாதையை, பதிமூன்று கண் பாலம் உட்பட, என் மாடி அறையில் ஒரு சுவர் அளவுக்கு நானும் செய்து வைத்திருக்கிறேன். அங்கே வண்டியோடு நடப்பதைப்போல இன்பம் வேறு இல்லை.

ஒரே கன்ட்ரோலர் போதும். முன் என்ஜினும் பின் என்ஜினும் ஒரே தண்டவாளத்திலிருந்து ஒரே வோல்ட்டைத்தான் எடுக்கின்றன. இன்னொரு வசதி, டிசியில் என்ஜின் எந்தப் பக்கம் முகம் வைத்து நின்றாலும் இரண்டும் ஒரே திசையில்தான் போகும். வலது தண்டவாளம் பிளஸ் என்றால் முன்னே போக வேண்டும் என்பதுதான் விதி. என்ஜினைத் திருப்பி வைத்தால் அதன் வலதும் திரும்பிவிடுகிறது. ஆகவே பின் என்ஜினை டெண்டர் (நிலக்கரிப் பெட்டி) முன்னாக வைத்தாலும் கவலையில்லை.

பார்க்க வேண்டியது இரண்டின் வேகப் பொருத்தம். இரண்டையும் ஒரே தண்டவாளத்தில், ஒன்றுக்கொன்று ஒரு அடி இடைவெளியில், கோக்காமல் விடுங்கள். நாப்பை மலை ஏறும் வேகத்துக்கு வைத்து, பத்தடி ஓட்டத்தில் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். ஒரு சாண் வரை மாறினால் பரவாயில்லை. கொஞ்சம் வேகமானதை முன்னே வையுங்கள், நிதானமானதைப் பின்னே. மாற்றி வைத்தால் பின்னது நெருக்கித் தள்ளும். வளைவில் நடுப்பெட்டிகள் தூக்கிக்கொண்டு தடம் புரளும். பெட்டிகள் லேசாக இருந்தால் அடியில் கொஞ்சம் ஈயத் துண்டு ஒட்டி எடை கூட்டுங்கள். கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் கண்டென்சர் வைத்த கன்ட்ரோலர் இங்கே மிகவும் உதவும்; இரண்டு என்ஜினும் ஒரே சமயத்தில் மெல்ல இழுக்க ஆரம்பிக்கும், கொக்கி வெடுக்கென்று இழுபடாது.

இரண்டும் சேர்ந்து ஏற்றத்தில் இழுக்கும் கரண்ட்டை மீட்டரை இடையில் வைத்து அளந்துவிடுங்கள். பழைய வகைத் திறந்த மோட்டார் என்றால் ஒவ்வொன்றும் ஒரு ஆம்பியர் பக்கத்தில் கேட்கும். அப்படியானால் 21 வாட் பல்பு ஏற்றத்தில் எரிய ஆரம்பிக்கும், வண்டியும் தளரும். அதே பல்பு இன்னொன்று வாங்கிப் பேரலலாகப் போட்டு, அடாப்டரை 4 ஆம்பியருக்கு மாற்றி, ஹீட் சிங்க்கையும் பெரிதாக்குங்கள்.